இணையவழி அஞ்சல் செஸ்: அணிப்போட்டி நடத்த முழுமையான வழிகாட்டி

பத்தாவது அஞ்சல்வழிச் செஸ் ஒலிம்பியாட் 1987-இல் தொடங்கி 1995-இல் முடிந்தது. தங்கம் சோவியத் யூனியனுக்கு, வெண்கலம் கிழக்கு ஜெர்மனிக்கு. பதக்கம் முடிவானபோது அந்த இரண்டு நாடுகளுமே இல்லை. ஆனாலும் ஆட்டக்காரர்கள் தொடங்கிய ஆட்டங்களை ஆடி முடித்திருந்தார்கள்.

அன்று அஞ்சலட்டையில் போன நகர்த்தல் இன்று இணையத்தில் நொடியில் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நாள்கணக்கில் யோசிக்கலாம் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. வேலைக்குப் போகிறவர், பரீட்சைக்குப் படிக்கிறவர், வேறு நாட்டில் வசிக்கிறவர் என எல்லோரையும் ஒரே அணியில் சேர்க்க இதைவிட வசதியான வடிவம் செஸ்ஸில் இல்லை. நம் ஊருக்கும் இது புதிதல்ல. சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே இப்படி நடந்த இரண்டு ஆட்டங்களை, சென்னைத் தரப்பை வழிநடத்திய குலாம் காசிம், ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து 1829-இலேயே சென்னையில் நூலாக வெளியிட்டிருக்கிறார்.

இத்தகைய போட்டி பெரும்பாலும் ஒரே காரணத்தால் குலைகிறது: யாரோ ஒருவர் பாதியில் காணாமல் போகிறார். தனிநபர் போட்டியில் அந்த நட்டம் பெரும்பாலும் அவரோடு போய்விடும். அணிப்போட்டியில் அவருடைய அணித்தோழர்களின் மாதக்கணக்கான உழைப்பு வீணாகிறது. எதிரணிகளின் புள்ளிக்கணக்கும் சாய்கிறது. அப்படி ஒருவர் விலகினாலும் போட்டி நியாயமாக முடியும்படி, முதல் நகர்த்தலுக்கு முன்பே விதிகளை எழுதி வைப்பதுதான் அமைப்பாளரின் முதல் வேலை. அதற்கான எட்டுப் படிகள் இவை.

## படி 1: அளவைச் சிறியதாக வையுங்கள்

அஞ்சல்வழிப் போட்டியில் சுற்றுக்குச் சுற்று காத்திருப்பதில்லை. ஓர் ஆட்டக்காரரின் எல்லா ஆட்டங்களும் ஒரே நாளில் தொடங்கிவிடும். ஆறு அணிகள், அணிக்கு நான்கு பலகைகள், எல்லோரும் எல்லோருடனும் ஆடுவது என்று வைத்தால் 15 மோதல்கள், 60 ஆட்டங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரே நேரத்தில் ஐந்து ஆட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு எதிராளியுடனும் வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்றால் 120 ஆட்டங்கள், ஆளுக்குப் பத்து. ஏற்கெனவே வேறு ஆட்டங்களும் ஆடிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய சுமை. சுமை கூடினால் கவனம் குறையும், பிறகு நேரம் தீர்ந்து தோல்வி வரும்.

முதல்முறை நடத்துபவருக்கு நான்கு அணிகள், நான்கு பலகைகள் போதும். மொத்தம் 24 ஆட்டங்கள், ஆளுக்கு மூன்று.

## படி 2: கடிகாரத்தைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. செஸ்.காம், லீசெஸ் போன்ற தளங்களில் நகர்த்தலுக்கு இத்தனை நாள் என்று இருக்கும். மூன்று நாள் என்றால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் புதிதாக மூன்று நாள் கிடைக்கும். மிச்சம் பிடித்த நேரம் சேராது. 1951-இல் தொடங்கப்பட்ட சர்வதேச அஞ்சல்வழிச் செஸ் கூட்டமைப்பு நெடுங்காலமாகப் பின்பற்றிய முறையில், 10 நகர்த்தல்களுக்கு 50 நாள். அங்கே விரைவாக ஆடுபவரின் கணக்கில் நாட்கள் சேர்ந்துகொண்டே போகும்.

இந்த வேறுபாடு பெரியது. மூன்று நாள் முறையில் ஒருவர் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டால் கையிலுள்ள அத்தனை ஆட்டங்களும் தோல்வியாகலாம். சேமிப்பு முறை அவரைக் காப்பாற்றும், போட்டிதான் நீளும். 40 நகர்த்தல் கொண்ட ஆட்டம் மூன்று நாள் முறையில் அதிகபட்சம் 240 நாளில் முடியும். 10-க்கு 50 என்றால் 400 நாள் வரை போகலாம்.

விடுப்பையும் பாருங்கள். செஸ்.காமில் விடுப்பு எடுத்தால் கடிகாரம் நிற்கும். லீசெஸில் அந்த வசதி இல்லை. அதனால் லீசெஸில் நடத்தினால் நகர்த்தலுக்கு ஐந்து அல்லது ஏழு நாள் கொடுப்பது நல்லது.

## படி 3: என்ஜின் விதியை முதல் வரியில் எழுதுங்கள்

சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகளில் கணினி என்ஜினைப் பயன்படுத்தலாம். அதன் விளைவாக உயர்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. செஸ்.காமிலும் லீசெஸிலும் என்ஜினுக்கு முழுத் தடை. தொடக்க ஆட்ட நூல்களையும் பழைய ஆட்டங்களின் தரவுத்தளத்தையும் அஞ்சல்வழி ஆட்டத்தில் பார்க்கலாம். நேரடி ஆட்டத்திலிருந்து வருபவருக்கு இந்தச் சலுகை தெரியாமல் இருக்கலாம்; கூட்டமைப்பில் ஆடிப் பழகியவருக்கு அந்தத் தடை தெரியாமல் இருக்கலாம். இருவருக்கும் புரியும்படி எழுதுங்கள்.

அணிப்போட்டிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அணிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் படம் அதில் வரும். யாராவது நல்ல மனத்தோடு யோசனை சொல்வார்கள். பிறர் உதவி பெறுவது இந்தத் தளங்களில் விதிமீறல். 'முடிந்த ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசலாம்' என்று எழுதுங்கள். டிரா கேட்கலாமா, ஏற்கலாமா என்று கேப்டனிடம் ஆலோசிக்க அனுமதி உண்டா என்பதையும் அதே இடத்தில் தெளிவாக்குங்கள்.

## படி 4: ஆட்களையும் பலகை வரிசையையும் உறுதி செய்யுங்கள்

பலகை வரிசைக்கு அஞ்சல்வழி ஆட்ட ரேட்டிங்கையே எடுங்கள். மின்னல் வேக ஆட்டத்தில் வாங்கிய ரேட்டிங் இங்கே சரியாக வழிகாட்டாது. 'இன்ன தேதியில் உள்ள ரேட்டிங்' என்று ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். பலமானவரைக் கீழ்ப் பலகையில் இறக்கிப் புள்ளி சேர்ப்பதைத் தடுக்க, 100 புள்ளிக்குள் வேறுபாடு இருந்தால் மட்டுமே வரிசையை மாற்றலாம் என்று வரம்பு வையுங்கள்.

ரேட்டிங்கைவிட முக்கியமானது நம்பகம். குறைந்தது பத்து அஞ்சல்வழி ஆட்டங்களை முடித்தவரா, அவற்றில் நேரம் தீர்ந்து தோற்றவை எத்தனை என்று பாருங்கள். பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் அவர் கையில் இப்போது எத்தனை ஆட்டங்கள் இருக்கின்றன என்றும் கேளுங்கள்.

## படி 5: ஜோடி சேர்த்து, தொடக்கத்தைக் கண்காணியுங்கள்

ஒரு மோதலில் ஒரே அணி எல்லாப் பலகையிலும் வெள்ளை ஆடக்கூடாது. 1, 3-ஆம் பலகைகளில் ஓர் அணிக்கு வெள்ளை, 2, 4-இல் மற்ற அணிக்கு வெள்ளை என்று பிரியுங்கள். எந்த மோதலில் யாருக்கு முதல் பலகையில் வெள்ளை என்பதை வழக்கமான பெர்கர் அட்டவணையைப் பார்த்து நிரப்பலாம்.

தளமே ஜோடி சேர்க்காவிட்டால், வெள்ளை ஆடுபவர் எதிராளிக்கு அழைப்பு அனுப்பட்டும். அதற்கு ஐந்து நாள் கெடு வையுங்கள். நிறம் மாறிப்போவது, நாள் எண்ணிக்கை தவறுவது, ரேட்டிங் இல்லாத ஆட்டமாகத் தொடங்கிவிடுவது ஆகிய மூன்று தவறுகளும் முதல் வாரத்தில்தான் நடக்கும். ஒவ்வோர் ஆட்டத்தின் இணைப்பையும் திறந்து சரிபாருங்கள். பலகை, இரு ஆட்டக்காரர்கள், இணைப்பு, தொடங்கிய நாள், முடிவு என ஐந்து பத்திகளில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு விரிதாள் இருக்கட்டும்.

## படி 6: விலகலுக்கும் மாற்று ஆட்டக்காரருக்கும் விதி வையுங்கள்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். ஒவ்வோர் அணியும் ஒரு மாற்று ஆட்டக்காரரைத் தொடக்கத்திலேயே பதிவு செய்யட்டும். பொதுத் தளங்களில் ஒருவருடைய ஆட்டத்தை இன்னொருவர் கணக்கில் தொடர முடியாது. கடவுச்சொல்லைக் கொடுத்து ஆடவைப்பது விதிமீறல். எனவே இப்படி ஒரு விதி வைக்கலாம்:

- 10 நகர்த்தலுக்குள் ஒருவர் விலகினால், மாற்று ஆட்டக்காரர் புதிய ஆட்டம் தொடங்குவார்.
- அதற்குப் பிறகு விலகினால், எதிராளி சம்மதித்தால் மட்டும், அதே நிலையிலிருந்து மாற்று ஆட்டக்காரர் தொடரலாம். லீசெஸில் குறிப்பிட்ட நிலையிலிருந்து ஆட்டம் தொடங்க முடியும். அது ரேட்டிங்கில் சேராது. சம்மதம் இல்லையென்றால் தோல்வி.
- ஓர் அணியே விலகினால், அதன் ஆட்டங்களில் பாதிகூட முடியாத நிலையில் அந்த அணியின் முடிவுகளைத் தரவரிசையில் சேர்க்க வேண்டாம். பாதிக்கு மேல் முடிந்திருந்தால் மீதியை எதிரணிகளுக்கு வெற்றியாகக் கொடுங்கள்.

மரணம், கடும் நோய் போன்ற துயரங்களில் அந்த ஆட்டக்காரரின் பெயருக்கு எதிரே 'தோல்வி' என்று எழுதாமல், மாற்று ஆட்டக்காரருக்கு வழிவிடுங்கள். அவர் குடும்பத்துக்கும் அணிக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

## படி 7: புள்ளி முறையை யோசித்து முடிவெடுங்கள்

பலகைப் புள்ளியா, மோதல் புள்ளியா? ஓர் அணி ஒரு மோதலில் 4–0 என்று வென்று, இரண்டில் 1.5–2.5 என்று தோற்கிறது. அதற்கு 7 பலகைப் புள்ளிகள். இன்னோர் அணி இரண்டு மோதல்களை 2.5–1.5 என்று வென்று, ஒன்றில் 0–4 என்று தோற்கிறது. அதற்கு 5 புள்ளிகள்தான். வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்று மோதல் புள்ளி கொடுத்தால் இரண்டாவது அணிக்கு 4, முதல் அணிக்கு 2.

இணையவழி அஞ்சல் செஸ்ஸில் 4–0 பல நேரம் எதிரணி ஆட்டங்களைக் கைவிட்டதால் வருகிறது. எதிராளியின் கணக்கு முடக்கப்பட்டாலும் இலவசப் புள்ளி கிடைக்கிறது. இந்தச் சாய்வு மோதல் புள்ளி முறையில் குறையும். எனவே அதையே முதல் அளவுகோலாக வைக்கப் பரிந்துரைக்கிறேன். சமமானால் பலகைப் புள்ளி, அதுவும் சமமானால் இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய முடிவு.

## படி 8: புகாரையும் இறுதி நாளையும் கையாளுங்கள்

என்ஜின் சந்தேகம் எழுந்தால் பொதுக்குழுவில் பெயர் சொல்ல அனுமதிக்காதீர்கள். கேப்டன் உங்களிடம் தனியாகச் சொல்லட்டும். நீங்கள் தளத்திடம் புகார் செய்யுங்கள். தளத்தின் முடிவே இறுதி என்று விதியில் எழுதுங்கள். ஒரு நல்ல ஆட்டக்காரரைத் தவறாகக் குற்றம் சாட்டினால் அந்தக் காயம் போட்டி முடிந்த பிறகும் ஆறாது.

போட்டிக்கு ஒரு கடைசி நாள் வேண்டும். மூன்று நாள் முறைக்கு 10 மாதம் பொருத்தம். அன்று முடியாமல் நிற்கும் ஆட்டங்களுக்கு இரு அணியிலும் சேராத வலுவான ஆட்டக்காரர் ஒருவர் தீர்ப்பளிக்கட்டும். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், இறுதியாட்டத் தரவுத்தளம் சரியான முடிவைச் சொல்லிவிடும். நடுவர் அதைப் பார்க்கலாம், ஆடிக்கொண்டிருப்பவர் பார்க்கக்கூடாது.

## தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பு

- விதிகள் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு, எல்லாக் கேப்டன்களும் ஏற்றுக்கொண்டார்களா?
- ஒவ்வோர் அணிக்கும் கேப்டன், துணைக் கேப்டன், மாற்று ஆட்டக்காரர் இருக்கிறார்களா?
- உங்களுக்கே ஏதாவது ஆனால் பொறுப்பேற்க இன்னொருவர் இருக்கிறாரா? விரிதாள் அவர் கைக்கும் எட்டுமா?
- மாதம் ஒருமுறை நிலவரம் அறிவிக்கும் தேதி குறித்தாகிவிட்டதா?

அந்த மாதாந்தர அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். முடிந்த ஆட்டங்களில் அழகான ஒன்றைத் தேர்ந்து, ஆடியவரையே இரண்டு பத்தி எழுதச் சொல்லி அதனுடன் அனுப்புங்கள். தன் ஆட்டத்தை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர், தோற்கும் நிலையிலும் அடுத்த நகர்த்தலை அனுப்புவார்.