சித்த வைத்தியரைப் பார்க்கப் போறீங்களா? கப்பல் டிக்கெட் காசு வீணாகாமல் இருக்க...

அந்தமானின் பத்துபஸ்தியிலிருந்து மெயின்லேண்டுக்குக் கல்யாணம், கோயில் என்று கிளம்பும்போதே, மூட்டுவலிக்கும் மூலத்துக்கும் ஒரு சித்த வைத்தியரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்போம். விட்டுப்போன ஒரு சந்தேகத்தைக் கேட்பதற்காக மறுபடி மூன்று நாள் கப்பல் ஏற முடியுமா? போகிற ஒரு தடவையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வர இதோ சில குறிப்புகள்.

1. பெயர்ப் பலகையில் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது. சென்னையில் இறங்குகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நெல்லைப் பக்கம் சொந்தம் இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கே போய்விடலாம்.

2. சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள். "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்று சொன்னால் எந்த வைத்தியராலும் கண்டுபிடிக்க முடியாது. கர்ப்பமாக இருந்தாலோ, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தாலோ உட்கார்ந்தவுடனே அதைச் சொல்லிவிடுங்கள்.

3. நாடி, நாக்கு, நிறம், குரல், கண், தொடுஉணர்வு, மலம், சிறுநீர் என்று எட்டு வகையாகப் பார்ப்பது சித்த முறை. அதனால் அன்று காலை வெற்றிலை வேண்டாம், முகத்தில் மஞ்சள் வேண்டாம், நகப்பூச்சும் வேண்டாம். சில இடங்களில் சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு நெய்க்குறியும் பார்ப்பார்கள். காலை முதல் சிறுநீர் கொண்டுவர வேண்டுமா என்று முந்தின நாளே போனில் கேட்டுவிடுங்கள்.

4. பசி, தூக்கம், மலச்சிக்கல், மாதவிலக்கு என்று கேள்வி நீண்டுகொண்டே போகும், கூச்சப்படாதீர்கள். தொந்தரவு எப்போது ஆரம்பித்தது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்று கப்பலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நேரம் மிச்சம்.

5. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று இருக்காதீர்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும். நம் தீவில் சுலபமாகக் கிடைக்கும் நோனிச் சாற்றில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. வீட்டில் நீங்களாகவே குடித்துவரும் கஷாயம், சாறு எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

6. பத்தியம் சொல்லும்போது "மீன் ஆகாது" என்றதும் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நமக்குத் தினமும் மீன்தானே! எந்த மீன், கருவாடு சேருமா, எத்தனை நாளைக்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்; பாகற்காயையும் கேட்டுவிடுங்கள்.

7. சூரணத்தைத் தேனிலா, நெய்யிலா, வெந்நீரிலா, எதில் சாப்பிடுவது என்பதுதான் அனுபானம். அதை டப்பா மேலேயே எழுதி ஒட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தேனுக்குப் பதில் என்ன என்று கேட்க மறக்க வேண்டாம்.

8. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வருடச் சூரணத்தை அள்ளிக்கொண்டு வராதீர்கள். சூரணத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பது சித்த மருத்துவக் கணக்கு. நம் மழைக்காலத்து ஈரத்தில் அதுவும் தாங்காது, எங்கள் வீட்டில் ஒரு டப்பா ஆடியிலேயே கட்டி தட்டிப் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது சின்னச் சின்ன பாட்டிலாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத்தான் திறக்கிறோம்; கரண்டியில் துளி ஈரம் இருக்கக் கூடாது.

9. குடிநீர், அதாவது கஷாயம், காய்ச்ச ஒரு சுலப வழி: வற்றி நிற்க வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் முதலில் பாத்திரத்தில் ஊற்றி, தென்னை ஈர்க்குச்சியை நிமிர்த்தி நிறுத்தி, நனைந்த இடத்தில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். 200 மில்லியை 50 ஆக்கச் சொன்னால், 50 மில்லிக்குக் கீறிக்கொண்டு, பிறகு 200 மில்லியாக ஊற்றி, அந்தக் கீறல் வரும்வரை சிறு தீயில் வற்றவிட வேண்டியதுதான். காய்ச்சிய குடிநீருக்கு மூன்று மணி நேரம்தான். பிளாஸ்கில் ஊற்றி ராத்திரி வரை வைக்காதீர்கள்.

10. பேர் இல்லாத பொட்டலம் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கினால் சேர்மானம், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். டாம்ப்கால், இம்ப்காப்ஸ் தயாரிப்புகள் சென்னையில் சுலபமாகக் கிடைக்கும். பற்பம், செந்தூரம் என்றால் உலோகம் சேர்ந்திருக்கலாம். அளவும் நாளும் வைத்தியர் சொன்னபடிதான்.

11. மருந்து ஆரம்பித்தபின் உடம்பில் தடிப்பு வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு, லேபிளோடு ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விடாத காய்ச்சலுக்கும் முதலில் அங்கேதான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

12. தைல பாட்டிலின் மூடிமேல் பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, பழைய லுங்கியில் உருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

13. கிளம்புமுன் மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று கேட்டு வையுங்கள். அடுத்த தவணை மருந்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புவார்களா என்றும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.