மழை ராத்திரிக்கு எந்தக் கதை?

அக்டோபர், நவம்பரில் கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் மாலை நாலு மணிக்கே மலை காணாமல் போய்விடும். பசார் மாலாமில் கடை போட்டவர்கள் தார்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு ஸ்ட்ராபெரி பெட்டிகளைக் காப்பாற்றுவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் ஒதுங்குவோம். பாட்டி, அப்பா, படிவம் மூன்று படிக்கும் பையன், ஏழு வயசுப் பெண் என்று எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த மாதிரி ராத்திரிக்கு, முடிவே தெரியாத நெடுந்தொடரைவிட நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது: அறுபதுகளையொட்டி வந்த அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடர்கள் இரண்டு. இரண்டும் கறுப்பு வெள்ளை. ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. நேற்று பார்க்காதவரும் இன்று உட்காரலாம். நாளை வராவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

எடுக்க வேண்டியது இரண்டு தொடர்களிலிருந்து. 'ட்வைலைட் ஸோன்' 1959 முதல் 1964 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. மொத்தம் 156 பகுதிகள். அதில் 92 ராட் செர்லிங் ஒருவரே எழுதியவை. 'அவுட்டர் லிமிட்ஸ்' 1963 முதல் 1965 வரை ஏபிசியில் வந்து, 49 பகுதிகளோடு நின்றுபோனது. முன்னது பெரும்பாலும் இருபத்தைந்து நிமிடம், பின்னது ஐம்பதைத் தாண்டும். முன்னதில் யோசனைதான் பெரிசு, பின்னதில் ஜந்துதான் பெரிசு என்று ரசிகர்கள் பிரிப்பார்கள். பாதிதான் உண்மை. அவுட்டர் லிமிட்ஸில் வாரம் ஒரு ஜந்து வந்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தயாரித்த ஜோசப் ஸ்டெபனோ, ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்குத் திரைக்கதை எழுதியவர். அந்த ரப்பர் முகமூடிகளைத் தாண்டிப் பார்த்தால் கதை கனமாகவே இருக்கும்.

செர்லிங் இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் பாராசூட் படைவீரராகச் சண்டை போட்டவர். பிறகு இனவெறியைப் பற்றி நேரடியாக நாடகம் எழுதினார். விளம்பரம் கொடுத்தவர்கள் அதை அடையாளம் தெரியாமல் வெட்டிவிட்டார்கள். அதே விஷயத்தை வேற்றுக் கிரகத்தில் வைத்துச் சொன்னால் யாரும் தொடுவதில்லை என்று புரிந்துகொண்ட பிறகு பிறந்ததுதான் ட்வைலைட் ஸோன். அதனால் இவற்றைப் பேய்க்கதை என்று ஒதுக்கவேண்டாம். பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றியவை.

எங்கே பார்த்தாலும் சிறந்த பத்து, சிறந்த இருபது என்று வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையெல்லாம் கடைசி நிமிடத் திருப்பத்துக்கு மதிப்பெண் போட்டவை. திருப்பம் ஒரு முறைதான் வேலை செய்யும். அதுவும் இத்தனை வருஷமாகக் கார்ட்டூனில் எல்லாம் கிண்டலடித்துத் தீர்த்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' (1959) பெரும்பாலான பட்டியல்களில் முன்வரிசையில் இருக்கிறது. புத்தகப் பைத்தியமான வங்கிக் குமாஸ்தா, உலகம் அழிந்த பிறகு நூலகத்தின் முன்னால் நிற்கிறான். பர்கஸ் மெரடித் அருமையாக நடித்திருக்கிறார். இருந்தாலும் அந்த முடிவு தெரிந்தவர்களுக்கு மறுபடி பார்க்க அதில் அதிகம் மிச்சமில்லை. நான் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கதையை எடுக்கச் சொல்வேன்.

பாட்டி இருந்தால் முதலில் 'தி இன்வேடர்ஸ்' (1961). காரணம் எளிது: ஏறக்குறைய முழுப் பகுதியிலும் வசனமே கிடையாது. கரண்டு இல்லாத ஒரு பண்ணை வீடு, அதில் தனியாக ஒரு கிழவி. கூரையில் என்னமோ விழுகிறது. பார்த்தால் சின்னத் தட்டு, அதிலிருந்து கை அளவே உள்ள இரண்டு உருவங்கள். ஆக்னஸ் மூர்ஹெட் மூச்சு வாங்குவதும் முனகுவதும் அலறுவதுமாக ஒற்றை ஆளாய்க் கதையைத் தூக்குகிறார். சமையலறைக் கத்தி ஒன்று காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்துக் கதவு இடுக்கு வழியாக அவர் மேலேயே பாயும் இடத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஜந்துவாக நடிப்பது ஒரு பொம்மை என்று நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அவர் கையை வெடுக்கென்று இழுக்கும்போது நம் கையும் இழுத்துக்கொள்கிறது. கடைசியில் ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் சில வரி பேசும். அதை மட்டும் யாராவது பாட்டிக்குத் தமிழில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை தலைகீழாகத் திரும்புவது அவருக்குத் தெரியாமலே போய்விடும். எங்கள் வீட்டில் சொன்னபோது பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு, "அந்தப் பொம்பளை என்னடா செய்வா, அவ வீட்டுக்குள்ள வந்தா?" என்றார். எனக்கு அதைவிட நல்ல விமர்சனம் தெரியாது.

அதே வகையில் 'டூ' (1961) என்று சார்ல்ஸ் பிரான்சன் நடித்த ஒன்றும் உண்டு. போர் முடிந்த ஊரில் எதிரெதிர் நாட்டு ஆணும் பெண்ணும் சந்திக்கும் கதை. ஆனால் அவர் அவ்வப்போது நீளமாகப் பேசுகிறார். பாட்டிக்கு அது ஒத்துவராது.

ஏழு வயசுப் பெண் விழித்திருந்தால் இரண்டைத் தள்ளி வையுங்கள். 'இட்ஸ் எ குட் லைஃப்' (1961): தனக்குப் பிடிக்காதவர்களை நினைத்த மாத்திரத்தில் சோளக்காட்டுக்கு அனுப்பிவிடும் ஆறு வயசுப் பையன். பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், சிறுசுகளுக்கு யோசனை கொடுக்கும். இன்னொன்று 'லிட்டில் கேர்ள் லாஸ்ட்' (1962). படுக்கையறைச் சுவர் வழியாக ஒரு பெண் குழந்தை வேறு உலகத்துக்கு விழுந்துவிடுகிறாள். அன்று ராத்திரி யாரும் தனியாகப் படுக்கமாட்டார்கள். மாறாக, விமான இறக்கையில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும் 'நைட்மேர் அட் 20,000 ஃபீட்' (1963) புகழ்பெற்ற பயங்கரம் என்றாலும், அந்தப் பூதத்தின் சடைக் கம்பளி உடையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். வில்லியம் ஷாட்னரின் முகத்தில் இருக்கும் பயம் பெரியவர்களுக்கானது.

படிவம் மூன்று பையனுக்கு அவுட்டர் லிமிட்ஸில் 'தி சிக்ஸ்த் ஃபிங்கர்' (1963). வேல்ஸ் நாட்டில் ஒரு சுரங்க ஊர். நிலக்கரிக் குழியிலிருந்து எப்படியாவது மேலே வரவேண்டும் என்று துடிக்கும் ஓர் இளைஞன், ஒரு பேராசிரியரின் இயந்திரத்துக்குள் தானே போய் உட்காருகிறான். பரிணாமம் அவனுக்குள் லட்சக்கணக்கான வருஷம் வேகமாக ஓடுகிறது. மண்டை பெருக்கிறது, கையில் ஆறாவது விரல் முளைக்கிறது. அந்த மண்டையைப் பார்த்து முதலில் சிரிப்பு வரும். வரட்டும். பிறகு அவன் தான் பிறந்த ஊரையே அழிக்கக் கிளம்பும்போது சிரிப்பு நின்றுவிடும். படித்து மேலே போனவன் கீழே இருக்கும் லயத்தை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்ற கேள்வி தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. டேவிட் மெக்கலம் கண்ணாலேயே நடித்திருக்கிறார். வேறெதுவும் அந்த ஒப்பனைக்கு வெளியே தெரியாது.

அப்பாவுக்கு, அதுவும் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு, ஒரே ஒரு பகுதிதான் எடுக்க முடியும் என்றால் நான் எடுப்பது 'எ ஃபீசிபிலிட்டி ஸ்டடி' (1964).  ஒரு நாள் காலை ஒரு பணக்காரக் குடியிருப்பைச் சுற்றி மூடுபனி. கார் சரியாக ஓடவில்லை. பனிக்குள் போனவர் திரும்ப வரும்போது முகம் மாறியிருக்கிறது. விஷயம் இதுதான்: ஆறு தெருக்களை அப்படியே பெயர்த்து வேறொரு கிரகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்தக் கிரகத்துக்காரர்கள் ஒரு நோயால் பாறையாக இறுகி நகர முடியாமல் போனவர்கள். வேலை செய்ய ஆள் வேண்டும். இந்த முதல் கூட்டம் அந்தத் தட்பவெப்பத்துக்குத் தாங்குகிறதா என்று பார்த்து, தாங்கினால் பூமியில் மிச்சமுள்ளவர்களையும் கொண்டுவருவார்கள். யாரும் அங்கே கத்துவதில்லை, சாட்டை எடுப்பதில்லை. மரியாதையாகவே பேசுகிறார்கள். அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தாலும் ஒன்றும் குறையாது. அந்த ஜனங்கள் தேவாலயத்தில் கூடுகிறார்கள். நோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நோய் பிடித்தவர்களின் கையை எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள், ஒருவர் பின் ஒருவராக. இந்த ஆட்கள் வேலைக்கு உதவமாட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த கூட்டம் வராது.

இதைப் பார்க்கும்போது இந்த மலையின் கதைதான் நினைவுக்கு வரும். கேமரன் மலையில் 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை சட்டப்படி முடிந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இருந்தது கங்காணி முறை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவது, பழைய ஆள் சொல்லிப் புது ஆள் வருவது. 1938ல் இந்திய அரசு நிறுத்தும்வரை அது நடந்தது. இந்தக் கதையை எழுதிய ஸ்டெபனோ அதை நினைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. பார்க்கிற நம்மால் நினைக்காமல் இருக்க முடியாது. கப்பல் ஏறினவர்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பைக் கதை அந்த ஆறு தெருக்காரர்களுக்குக் கொடுக்கிறது: நமக்குப் பின்னால் யாரும் வரவேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு. இன்று கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் யாராவது பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஜிம் தாம்சன் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்களுக்கு ஒன்று இருக்கிறது. பாங்காக்கின் பட்டு வியாபாரியான அந்த அமெரிக்கர், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, இதே மலையில் மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே நடந்தார், திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று தேடாத இடம் இல்லை. ஆள் போனாலும் பெயர் போகவில்லை, இன்றுவரை சுற்றுலாக்காரர்கள் கேட்கிறார்கள். 'அண்ட் வென் தி ஸ்கை வாஸ் ஓபன்ட்' (1959) அதற்கு நேர் எதிர். விண்வெளிக்குப் போய்வந்த மூவரில் ஒருவர் மறைகிறார். பெற்றவர்களுக்குக்கூட அப்படி ஒரு மகன் இருந்த நினைவே இல்லை. இரண்டில் எது கொடுமை என்று இஞ்சி தேநீர் குடித்துக்கொண்டே வாதம் செய்யலாம்.

கோலாலம்பூர்ச் சொந்தக்காரர்கள் குளிருக்கென்று மேலே வந்து தங்கும்போது 'தி மிட்நைட் சன்' (1961) போடுங்கள். பூமி சூரியனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும், பணம் உள்ளவர்கள் வடக்கே குளிர்ந்த ஊர் தேடி ஓடிவிட்டார்கள். ஓவியம் வரையும் ஒரு பெண்ணின் படத்தில் சாயம் உருகி வழிகிறது. நம் மலைக்குச் சூடு தாங்காமல் ஏறிவரும் கார் வரிசையை அதற்குப் பிறகு வேறு மாதிரி பார்ப்பீர்கள். கரண்டு போய்த் திரும்பிய ராத்திரி என்றால் 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' (1960): தெருவில் மின்சாரம் நின்றதும் அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் கதை. கொஞ்சம் பாடம் நடத்துகிறது, ஆனாலும் சரி.

ட்வைலைட் ஸோனின் நாலாம் பருவத்தைத் தொடவேண்டாம். 1963ல் ஒரு மணி நேரக் கதைகளாக இழுத்த அந்த 18 பகுதிகளும் பெரும்பாலும் தண்ணீர் சேர்த்த குழம்பு. 'பிளாக் மிரர்' மாதிரி இந்தக் காலத் தொடர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை இவற்றைப் பழசு என்று முகம் சுளித்தால், 'தி இன்வேடர்ஸ்' ஒன்றை மட்டும் விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். தமிழில் ஒன்று வேண்டும் என்று அப்பா கேட்டால் 'நவரசா' (2021) தொகுப்பில் கார்த்திக் நரேன் இயக்கிய 'ப்ராஜெக்ட் அக்னி' இருக்கிறது. பேச்சு அதிகம், அரவிந்த் சுவாமி அதைத் தாங்குகிறார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஆனால் அது ஒரே கதை, ஒரு ராத்திரியில் முடியாது. அதற்குப் புத்தகம்தான் சரி.