பருவ மலரும் மகளிர் குழுவும்

சென்ற சித்திரையில் எமது ஒன்றியத்து மகளிர் குழு ஒன்றின் ஆண்டு விழாவிற்குச் சென்றிருந்தேன். மேடை அலங்காரத்திற்கெனச் சென்னையிலிருந்து வருவித்த ரோஜாக்கள் உச்சிப்பொழுதிற்குள் தலைசாய்ந்துவிட்டன. வெளியே ஒரு வீட்டுக் கொல்லையில் சரக்கொன்றை பொன்மயமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அச்சரப்பாக்கம் ஆட்சீசுவரர் ஆலயத்தின் தலமரமே கொன்றைதான். எனினும் மேடையில் அதன் கொத்து ஒன்றுகூட இல்லை. ரோஜாவிற்கான செலவு சகோதரிகளின் சேமிப்பிலிருந்து சென்றது என்று அறிந்தபோது வருத்தமாயிருந்தது.

மலர் அமைத்தல் நகரத்தாருக்கே உரிய கலை என்று எண்ணுதல் தவறு. மார்கழி வைகறையில் சாணவுருண்டையில் பூசணிப்பூவைச் செருகிக் கோலத்தின் நடுவே வைக்கும் நம் பெண்கள் அக்கலையை அறிந்தவர்களே. ஜப்பானியர் இதனை ‘இகெபானா’ என்பர். கியோத்தோ நகரத்து ஆலயமொன்றில் புத்தருக்கு மலர் படைத்த வழக்கிலிருந்து இகெனோபோ என்னும் மரபு வளர்ந்தது. அம்மரபினரின் மலரமைப்பைப் பற்றிய 1462ஆம் ஆண்டுக் குறிப்பு இன்றும் உள்ளது. மலரைக் குவியலாகத் திணிக்காமல், கிளைக்கும் கிளைக்கும் இடையே வெற்றிடம் விடுவதே அவர்களிடம் நாம் கற்கவேண்டியது.

பருவத்திற்கு ஏற்ற மலரைத் தேர்ந்தால் செலவு குறையும். இரவு நீளும் காலத்திலேயே அரும்பு கட்டும் இயல்புடையது சாமந்தி. ஆகவே அது பனிக்காலத்து மலர். தைப் பொங்கலையொட்டி ஆவாரம்பூவும் சிறுபீளையும் கிடைக்கும். சிறுபீளை காய்ந்த பின்னும் வெண்மை குன்றாது நிற்பதால், ஒருமுறை சேகரித்தால் பன்னாள் உதவும். கோடையில் மல்லிகை, கொன்றை. கொன்றை விரைவில் இதழ் உதிர்க்கும். ஒருநாள் விழாவிற்குப் போதும்.

மலரை வெயில் ஏறுமுன் கொய்தல் வேண்டும். காம்பைக் கூரிய கத்தியால் சாய்வாக நறுக்கி உடனே நீரில் இடுக. நீருக்குள் அமிழும் இலைகளைக் களையாவிடில் அவை அழுகி நீரைக் கெடுக்கும். அந்நீரில் பெருகும் கிருமிகள் காம்பின் நுண்குழாய்களை அடைத்துவிடும். பித்தளைச் செம்பானாலும் மண்சட்டியானாலும் நாள்தோறும் நீரை மாற்றுக. இன்னொன்று பலர் அறியாதது: பழுக்கும் வாழைத்தாரின் அருகில் பூவை வைக்கலாகாது. பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பல மலர்களை முன்கூட்டியே வாடச் செய்யும். விழாப் பந்தலில் வாழைத்தாரைத் தவிர்க்க இயலாதுதான். மலர்க்கிண்ணத்தையாவது தள்ளி வைக்கலாம்.

இரு மலர்களில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மாரிக்காலத்தில் வேலியோரம் பூக்கும் செங்காந்தள், நமது மாநில மலரேயாயினும், கொடிய நஞ்சுடையது. கிழங்கில் நஞ்சு மிகுதி. அதனைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். அரளியின் எல்லா உறுப்புகளும் நஞ்சே. அதனைச் செருகியிருந்த நீரிலும் நஞ்சு இறங்கியிருக்கும். ஆதலின் அந்நீரை மாட்டுத் தொட்டியிலோ கழனிப்பானையிலோ கொட்டாமல், ஆடுமாடுகள் அணுகாத இடத்தில் குழிதோண்டி ஊற்றி மண்ணிட்டு மூடுக.