பகடையை எப்போது உருட்டலாம்?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேச்சின் மூலமே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் போர்வீரர்; ஒருவர் மந்திரவாதி; இன்னொருவர் பூட்டைத் திறப்பதில் கைதேர்ந்தவர். ஒருவர் மட்டும் நடுவர். கதை நிகழும் இடத்தையும் எதிரே வருவோரையும் அவரே விவரிப்பார். "இந்தச் சுவர்மீது ஏறுகிறேன்" என்று வீரர் சொன்னால், ஏற முடிந்ததா இல்லையா என்று கூறும் பொறுப்பும் அவருடையதே. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது.

இவ்விளையாட்டில் 20 முகங்கள் கொண்ட பகடை ஒன்று பயன்படுகிறது. ஒவ்வொரு முகமும் ஒரு சமபக்க முக்கோணம். குறிப்பிட்ட ஓர் எண் விழுவதற்கான நிகழ்தகவு 1/20, அதாவது 5 விழுக்காடு. சுவர் ஏற 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டும் என நடுவர் சொன்னால், 10 முகங்கள் வீரருக்குச் சாதகம், வாய்ப்பு சரிபாதி. இதுவரை எளிய கணக்குத்தான். கடினமான கேள்வி வேறு: எந்தச் செயலுக்குப் பகடை உருட்ட வேண்டும், எதற்கு உருட்டக் கூடாது?

இக்கேள்வி 1974க்கும் மிக முந்தியது. பிரஷ்ய நாட்டுப் படையில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி 1824இல் ஒரு போர் விளையாட்டுக்கு விதிகளை வெளியிட்டார். நிலப்படத்தின்மீது இரு தரப்பினர் படைகளை நகர்த்துவர்; நடுவர் பகடையும் அட்டவணைகளும் கொண்டு இழப்புகளைக் கணக்கிடுவார். பகடை எதற்கு? ஒரே படைப்பிரிவு ஒரே தூரத்திலிருந்து பலமுறை சுட்டாலும் விளைவு ஒவ்வொரு முறையும் வேறுபடும். சராசரி ஒன்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு விளைவும் அதற்கு மேலும் கீழுமாகச் சிதறி நிற்கும். அந்தச் சிதறலைப் பகடை காட்டுகிறது.

1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் பிரஷ்ய அதிகாரி இதற்கு மாறான கருத்தைச் சொன்னார். அட்டவணையும் பகடையும் ஆட்டத்தை ஆமை வேகத்தில் நகர்த்துகின்றன. அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்பது அவர் வாதம். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. மலையுச்சியில் பாதுகாப்பாக நிற்கும் ஆயிரம் பேரைச் சமவெளியிலிருந்து பத்துப் பேர் விரட்ட முடியாது என்பதை அறியப் பகடை வேண்டியதில்லை. ஆனால் சமபலமுள்ள இரு படைகள் மோதும்போது நடுவர் தம் மனத்தால் தற்செயலை உருவாக்க முயன்றால் தடுமாறுவார். மனிதர் மனம் போனபடி எழுதும் எண்வரிசை, உண்மையான தற்செயல் வரிசையைப் போல் அமைவதில்லை. அறியாமலே ஒரு பக்கம் சாய்வும் வந்துவிடும்.

ஆகவே நடுவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முடிவு உண்மையிலேயே ஐயத்துக்கு உரியதா என்பது. இரண்டாவது, தோல்வியால் ஏதேனும் மாறுமா என்பது. இந்த இரண்டாவதைத்தான் பலர் மறக்கின்றனர்.

ஒரு பூட்டை எடுத்துக்கொள்வோம். அதைத் திறக்க 16 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். வாய்ப்பு 5/20, அதாவது கால் பங்கு. முதல் முயற்சி தோற்கிறது. "மீண்டும் முயல்கிறேன்" என்கிறார் ஆட்டக்காரர். காவலர் எவரும் இல்லை, அவசரமும் இல்லை. தடுக்கக் காரணம் ஏது? பத்து முயற்சிகளும் தோற்பதற்கான நிகழ்தகவு 3/4ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.056. பூட்டு திறந்துவிடும் வாய்ப்பு 94 விழுக்காடு! கடினமான பூட்டு என்று நடுவர் நினைத்தது வெறும் பெயரளவில்தான். கை வலிக்க உருட்டியதுதான் மிச்சம். அதே பூட்டை, காவலரின் காலடியோசை நெருங்கும்போது ஒரே ஒருமுறை முயலச் சொல்லுங்கள். கால் பங்கு வாய்ப்பு மெய்யாகவே கால் பங்காக நிற்கும்.

2000இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு இதற்கு நேர்த்தியான வழி கண்டது. தோல்வியால் கேடில்லை, நேரமும் இருக்கிறது என்றால், உருட்டாமலே 20 விழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அச்செயலுக்கு 20 மடங்கு நேரம் ஆகும். ஏன் 20 மடங்கு? 20 என்னும் எண் ஒருமுறை விழச் சராசரியாக 20 உருட்டல்கள் தேவை. (20 உருட்டல்களுக்குள் அது கட்டாயம் விழும் என்று எண்ணிவிடாதீர்கள், அதற்கான வாய்ப்பு 64 விழுக்காடே. விதி ஆட்டக்காரருக்குக் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொள்கிறது.)

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. ஒருவர் கோட்டைக்குள் ஒளிந்து செல்கிறார். ஒவ்வொரு உருட்டலிலும் அவருக்கு வாய்ப்பு 75 விழுக்காடு; நல்ல திறமைசாலிதான். வாயிலில் ஒருமுறை, முற்றத்தில் ஒருமுறை, படிக்கட்டில் ஒருமுறை, அறைக்கதவில் ஒருமுறை என நடுவர் உருட்டச் சொல்கிறார். நான்கிலும் தப்பிக்கும் நிகழ்தகவு 0.75ஐ நான்கு முறை பெருக்கக் கிடைப்பது: 0.32க்குச் சற்றுக் குறைவு. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அகப்பட்டுக்கொள்வார். விதியைக் கடுமையாக்க நடுவர் நினைக்கவே இல்லை. உருட்டல்களின் எண்ணிக்கையே கடுமையாக்கிவிட்டது.

துப்பறியும் கதையில் சிக்கல் இன்னும் பெரிது. கொலையாளியைக் காட்டும் ஒரே கடிதம் மேசையறையில் கிடக்கிறது. அதைக் கண்டெடுக்கப் பகடை உருட்டித் தோற்றால் கதை அங்கேயே நின்றுவிடும். உடனே நடுவர் வேலைக்காரர் ஒருவரை அனுப்பிக் கடிதத்தைக் கொடுக்கச் செய்வார். அப்படியானால் அந்த உருட்டல் எதற்கு? தோல்வியை ஏற்க மனமில்லாத இடத்தில் உருட்டச் சொல்லி, பிறகு முடிவை மாற்றினால், ஆட்டக்காரர்கள் அடுத்த உருட்டலையும் நம்பமாட்டார்கள். தங்கள் பாத்திரத்தின் உயிரே பகடையில் தொங்கும் நேரத்தில் அந்த நம்பிக்கைதான் வேண்டும். கடிதத்தைத் தேடியவருக்குக் கொடுத்துவிட்டு, எதிரிகள் வருமுன் அவர் வெளியேறினாரா என்பதற்குப் பகடையை வைத்துக்கொள்வதே மேல்.

ஒரு கணக்கை நீங்களே செய்து பாருங்கள். ஐவர் அடங்கிய குழு கயிற்றுப் பாலத்தைக் கடக்கிறது. ஒவ்வொருவரும் 20 முகப் பகடையில் 3 அல்லது அதற்கு மேல் பெறவேண்டும். ஐவரும் கடக்கும் வாய்ப்பு என்ன? ஒருவருக்கு 18/20, அதாவது 0.9. ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.59. குழு முழுமைக்கும் ஒரே உருட்டல் என்று நடுவர் முடிவு செய்திருந்தால் அது 0.9ஆகவே இருந்திருக்கும்.