சுகர் இருக்கா? எடை குறைக்க பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த 5 தப்பான நம்பிக்கைகளைத் தெரிஞ்சுக்கோங்க

எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசிட்டிருந்தவர் திடீர்னு சுகர் பத்தி ஏன் பேசறாருன்னு நினைக்கலாம். காரணம் இருக்கு.

ஐ.சி.எம்.ஆரும் சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்தின ஆய்வு 2023 ஜூன்ல வெளியாச்சு. 20 வயசைத் தாண்டினவங்கள்ல சுகர் இருக்கறவங்க நாடு முழுக்க 11.4 சதவீதம். நம்ம புதுச்சேரியில 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்த இடம் நமக்குத்தான். நாலு பேர்ல ஒருத்தர்! உங்க வீட்டுலயே ஒருத்தர் இருப்பாங்க. ஒருவேளை அது நீங்களாவே இருக்கலாம்.

டாக்டர் "வெயிட்டைக் குறைங்க"ன்னு சொன்னதும் நாம முதல்ல என்ன செய்றோம்? ஆன்லைன்ல ஆர்டர் போடுறோம். மாசம் ஷேக் பவுடர் 2,000, ஸ்லிம்மிங் டீ 500, சுகர்-ஃப்ரீ பிஸ்கட் 500ன்னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 36,000 ரூபாய். ஆனா தப்பான நம்பிக்கையால போறது பணம் மட்டும் இல்ல. ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

1. "எப்படியோ எடை குறைஞ்சா சரி"

நீங்க எந்த முயற்சியும் பண்ணாமலே எடை இறங்குதா? கூடவே தாகம், அடிக்கடி யூரின் போறதுன்னு இருக்கா? சந்தோஷப்படாதீங்க. சுகர் கட்டுப்பாட்டை மீறியிருக்கலாம். இன்சுலின் போதாதப்ப ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை உடம்பால பயன்படுத்த முடியாது. அதனால கொழுப்பையும் தசையையும் கரைக்க ஆரம்பிக்கும். உடனே டாக்டரைப் பாருங்க.

2. "ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டா போதும்"

அஞ்சுலயும் ரொம்ப ஆபத்தானது இதுதான். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரைகள் இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு மாத்திரைக்குத் தெரியாது. இதை எடுத்துக்கிட்டோ, இன்சுலின் போட்டுக்கிட்டோ பட்டினி கிடந்தா சுகர் 70-க்குக் கீழ இறங்கிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, மயக்கம்னு வரும். ஈ.சி.ஆர்.ல பைக் ஓட்டும்போது அப்படி ஆனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அறிகுறி தெரிஞ்சா, நினைவு இருக்கும்போதே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து குடிங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கறவங்களுக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு.

3. "சோத்தை விட்டு சப்பாத்திக்கு மாறிட்டேன், காபிக்கு நாட்டுச்சர்க்கரைதான்"

சப்பாத்தியும் மாவுச்சத்துதான். நாலு சாப்பிட்டா அரிசியை விட்டதுல பிரயோஜனம் இல்ல. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சுகரை ஏத்தும். சுகர்-ஃப்ரீ பிஸ்கட்லயும் மைதாவும் எண்ணெயும் இருக்கும். தட்டுல பாதி காய்கறி, கால் பங்கு சுண்டல், முட்டை, மீன்ல ஏதாவது ஒண்ணு, மீதி கால் பங்கு சோறு. இதுக்குத் தேவையானது எல்லாமே பெரிய மார்க்கெட்லயே கிடைக்கும், பவுடர் டப்பா தேவையில்ல.

4. "எடை குறைஞ்சிடுச்சு, மாத்திரையை நிறுத்திடலாம்"

இதுல பாதி உண்மை இருக்கு. 2017-ல பிரிட்டன்ல வெளியான டைரக்ட் ஆய்வுல, எடை குறைப்புத் திட்டத்துல இருந்தவங்கள்ல 46 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துல மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு. 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 86 சதவீதம்! ஆனா அவங்க எல்லாருமே சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்க, இன்சுலின் போடாதவங்க. மாத்திரையை நிறுத்தினதும் மருத்துவக் கண்காணிப்புலதான். அதனால சீக்கிரம் ஆரம்பிங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க.

5. "வெயிட் மெஷின் நகரல, எல்லாம் வேஸ்ட்"

சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சுகர் வர்றதுக்கு முந்தின நிலையில இருந்த 531 பேரை வச்சு ஒரு ஆய்வு நடத்தினாங்க. முடிவு 2006-ல வெளியாச்சு. நடைப்பயிற்சி, உணவு மாற்றம்னு இருந்தவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது. இத்தனைக்கும் அவங்க எடை பெருசா குறையவே இல்ல! அதனால மெஷினை மட்டும் நம்பாதீங்க, மூணு மாசத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துப் பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க. அங்க நடக்க மெம்பர்ஷிப் ஃபீஸும் கிடையாது.

சரி, பணத்துக்கு வருவோம்

• மாத்திரையை மக்கள் மருந்தகத்துல ஜெனரிக்கா வாங்கினா செலவு நல்லாவே குறையும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாறுங்க.
• ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சுகரை மறைக்காதீங்க. 2024 விதிப்படி, ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைச்சா கிளெய்மே போயிடலாம்.
• பழைய வரி முறையில இருந்தா, முழு உடல் பரிசோதனைக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் வரிக்கழிவு வரம்புக்குள்ள 5,000 ரூபாய் வரை காட்டலாம்.

இன்னிக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்களோடதோ, அப்பா அம்மாவோடதோ, மாத்திரை அட்டையை எடுத்து பேரைப் படிங்க. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, "நான் சாப்பாட்டைக் குறைக்கப் போறேன், டோஸ் மாத்தணுமா?"ன்னு கேளுங்க. இந்தக் கேள்விக்குத் தனியா செலவு கிடையாது. ஷேக் பவுடர் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடுங்க.