பாலையின் மின்னும் தெல்தெனியவின் நீரும்

மின்னாக்கத்துக்கு நீர் இருவகையாற் பயன்படுகின்றது. உயரத்தினின்று வீழ்ந்து சுழலியைச் சுழற்றுதல் ஒன்று. அனல்மின் நிலையத்திற் சுழலியை விட்டு வெளிவரும் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்குதல் மற்றொன்று. முன்னதில் நீர் தன் உயரத்தை மட்டும் இழந்து ஆற்றைச் சேர்கின்றது. பின்னதிற் கோபுரங்கள் அமைத்துக் குளிர்விக்கும்போது, அந்நீரிற் கணிசமான பகுதி ஆவியாகி வானிற் கலந்துவிடும்.

பாலைவனத்தில் வெயிலுக்குக் குறைவில்லை, நீருக்கே பஞ்சம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலையிலுள்ள பாலோ வேர்டே அணுமின் நிலையத்தின் அருகிற் கடலுமில்லை, பேராறுமில்லை. பீனிக்ஸ் நகரப் பகுதியின் கழிவுநீரைத் தூய்மைசெய்து அந்நிலையத்தைக் குளிர்விக்கின்றனர். மொறொக்கோவின் நூர் சூரிய அனல் நிலையங்களில், 2016இல் இயங்கத் தொடங்கிய முதலாவது நீராற் குளிர்விக்கப்பட்டது. பின்வந்த இரண்டும் காற்றாற் குளிர்விக்கப்படுகின்றன. இதற்கும் விலையுண்டு. விசிறிகள் மின்னை உண்கின்றன. வெப்பம் மிகுந்த வேளையில் ஆக்கமும் குன்றுகின்றது. எனினும், நீரின் அருமை கருதி அவ்விலையைக் கொடுக்கின்றனர்.

மகாவலி பாயும் மலைநாட்டில் வாழும் நமக்கு இப்பாடம் எதற்கென வினவலாம். விடை தெல்தெனியவில் உள்ளது. 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்ட விக்டோரியா வில்வளைவு அணை 1985இல் திறக்கப்பட்டது. 210 மெகாவாற்று ஆற்றலுடைய அதன் நிலையத்துக்காகத் தேக்கிய நீரிற் பழைய தெல்தெனியப் பட்டினம் மூழ்கியது. அங்கிருந்தோர் தம் வீடு வாசலையும் கடைத்தெருவையும் விட்டு மேட்டு நிலத்தில் எழுந்த புதிய ஊர்களுக்குப் பெயர்ந்தனர்.

ஒரு கன மீற்றர் நீர் 100 மீற்றர் வீழ்ந்தால் ஏறத்தாழக் கால் அலகு மின்னே கிடைக்கும். விக்டோரியாவைத் தாண்டிய நீர் ரந்தெனிகல, ரந்தம்பை நிலையங்களிலும் உழைத்து, மினிப்பேயில் வயலுக்குத் திரும்புகின்றது. ஆயினும், அணைக்கு மேலே பொல்கொல்லவில் 1976 முதல் நீரின் ஒரு பகுதி சுரங்கவழியே உக்குவெல நிலையத்துக்குத் திருப்பப்பட்டு, அம்பன் கங்கை வழியாக வடக்கேயுள்ள வறள் வலயத்துக்குச் செல்கின்றது. அங்கே திருப்பிய துளி விக்டோரியாவுக்கு வாராது. விக்டோரியாவுக்கு விட்ட துளி வடக்கின் நெல்லுக்கு உதவாது. இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு என்பதே ஒவ்வொரு போகத்திலும் எழும் வினா. மகாவலி அதிகார சபை, நீர்ப்பாசனத் துறையினரோடும் மின்துறையினரோடும் கூடிப் பங்கீடு வகுப்பது இதன்பொருட்டே.

மழை பொய்த்தாற் பங்கிடவும் பொருளிராது. 1996இல் வறட்சியால் நாடெங்கும் நாள்தோறும் பல மணிநேரம் மின் தடைப்பட்டது. கடும் வறட்சிகளில் நீர்த்தேக்கம் வற்றிப் பழைய தெல்தெனியவின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. அக்காட்சியைக் காணும் முதியோர்க்கு அது பழைய நினைவு. மாணவர்க்கோ அது கணக்கேடு.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, மலைச்சரிவின் மண்ணைக் காத்தல். சரிவிலிருந்து அரித்துவரும் மண் பொல்கொல்லத் தேக்கத்திற் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்தது. நீர் நிற்கவேண்டிய இடத்தில் மண் நின்றால் அணையால் ஆவதென்ன? இரண்டாவது, பாலை நாட்டார் போற்றும் வெயிலை நாமும் போற்றுதல். பகலிற் கூரைமேற் சூரியத் தகடுகள் மின் தருமாயின், அவ்வளவு நீரை அணையிலே சேமித்து, விளக்கேற்றும் மாலைவேளையிற் சுழலிக்கு விடலாம். மூன்றாவது, இல்லத்தில் வீண்மின் தவிர்த்தல். நூறு மீற்றர் வீழ்ச்சியிற் கால் அலகு என்ற கணக்கின்படி, வீணாக எரியும் ஒவ்வோர் அலகுக்கும் நான்கு கன மீற்றர் நீர் கீழிறங்குகின்றது.

இல்லாதவன் சிக்கனம் கட்டாயத்தால் வருவது. உள்ளவன் சிக்கனம் அறிவால் வருவது. ஓர் ஊரையே விலையாகக் கொடுத்துத் தேக்கிய நீரை அவ்வறிவோடு ஆளுதல் நம் கடனாகும்.