விதையைப் பார்க்காதே, செடியைப் பார்!
(வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ் – ஒரு பாடம்)



போன இதழில் மண்புழு உரம் பற்றிப் படித்தோம். அந்த உரத்தைப் போட்டு என்ன வளர்க்கலாம்? நம்ம மலைக்கு ஏற்றது பீன்ஸ். நம்மில் பாதிப் பேரின் அம்மா காப்பித் தோட்ட வேலைக்குப் போறாங்க. மழை பிடித்தால் வேலை இல்லை. சந்தை வாரத்துக்கு ஒரு நாள்தான். அந்த மாதிரி நாளில் வீட்டுக்குப் பின்னால் காய் இருந்தால் அன்றைக்குக் குழம்புக்குக் கவலை இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் விதைக்குக் காசு கொடுத்தால் என்ன மிச்சம்? அதனால் வகையைத் தேர்ந்தெடுப்பது, வளர்ப்பது, விதை எடுத்து வைப்பது மூன்றையும் எழுதுகிறேன்.

1. பீன்ஸின் சொந்த ஊர்

ஃபிரெஞ்சு பீன்ஸ் என்று பெயர் இருந்தாலும் இது பிரான்ஸ் நாட்டில் பிறந்தது இல்லை. மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியும்தான் இதன் தாயகம். தாவரவியல் பெயர் ஃபேசியோலஸ் வல்காரிஸ். நம் அவரை வேறு இனம்.

பீன்ஸுக்குக் குளிர்ச்சி வேண்டும். வத்தலக்குண்டில் இருக்கும் என் சித்தி மார்ச் மாதம் எங்க விதையை வாங்கிப் போய்ப் போட்டாங்க. செடி வந்தது, பூவும் வந்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. வெயில் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் பூ உதிர்ந்துவிடும். மலையில் பிப்ரவரி, மார்ச்சிலும் சமவெளியில் அக்டோபர், நவம்பரிலும் விதைக்கலாம். கோடையில் கீழ்நாட்டுக்குக் கொத்தவரைதான் சரி.

2. செடியா? கொடியா?

செடி பீன்ஸ்: ஒன்று, ஒன்றரை அடி உயரம்தான் வளரும். குச்சி வேண்டாம். 45, 50 நாளில் முதல் பறிப்பு. ஆனால் மொத்தக் காயும் இரண்டு மூன்று வாரத்தில் வந்து முடிந்துவிடும். ஏற்காடு 1, ஊட்டி 1, பெங்களூரில் உருவாக்கிய அர்கா கோமல் எல்லாம் இந்த வகை.

கொடி பீன்ஸ்: ஆள் உயரத்தைத் தாண்டி ஏறும். குச்சி ஊன்ற வேண்டும். காய்க்க இரண்டு மாதம் ஆகும். ஆனால் பறிக்கப் பறிக்கத் திரும்பவும் காய்க்கும். கொடைக்கானலில் வந்த கே.கே.எல். 1, நம் பக்கத்துத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் வந்த டி.கே.டி. 1 இரண்டும் கொடி வகை.

விற்பவர்களுக்கு மொத்தமாகக் காய்ப்பது லாபம். சாப்பிடுகிற வீட்டுக்குத் தினம் ஒரு பிடி கிடைப்பதுதான் லாபம். இடம் குறைவு என்றால் வேலி ஓரம் கொடி போடுங்கள். குச்சிக்கு வழி இல்லை என்றால் செடி வகையை ஒரே நாளில் விதைக்காமல், 15 நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் காய் தொடர்ந்து வரும்.

3. வளர்க்கும் முறை

மண்ணைக் கொத்தி மக்கிய எரு கலந்து, விரல் கணு ஆழத்தில் விதை ஊன்ற வேண்டும். செடி வகைக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., விதைக்கு விதை 15 செ.மீ. கொடி வகைக்கு ஒரு குச்சியைச் சுற்றி மூன்று விதை போதும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும்.

இலை ஈரமாக இருக்கும்போது காய் பறிக்கக் கூடாது. ஒரு செடியில் இருக்கும் நோய் நம் கை வழியாக அடுத்த செடிக்குப் போகும். பனி காய்ந்த பிறகு பறிக்கலாம்.

காய்ப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து விடுங்கள். வேரில் உள்ள முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா வாழ்கிறது. அது காற்றில் உள்ள நைட்ரஜனை வேருக்குத் தரும். வேர் மண்ணிலேயே மக்கினால் அடுத்த பயிருக்கு உரம்.

4. முக்கியமான பாடம்: விதைத் தேர்வு

எங்க அப்பத்தா விதைக்காக ஆறேழு கொடியில் பழைய துணியைக் கிழித்துக் கட்டி விடுவாங்க. அதில் யாரும் காய் பறிக்கக் கூடாது. "முறத்தில கொட்டி, பெருசாப் பார்த்துப் பொறுக்கினா போதாதா அப்பத்தா?" என்று கேட்டேன். "முறத்தில விதைதான் தெரியும். செடி தெரியுமா?" என்றாங்க.

இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டென்மார்க் விஞ்ஞானி ஜோஹான்சன் 1903இல் வெளியிட்ட சோதனையைப் பற்றி டீச்சர் சொன்னாங்க. அவர் சோதித்ததும் பீன்ஸ் விதையைத்தான்! ஒரே செடியின் வம்சத்தில் வந்த பெரிய விதைகளைத் தனியாகவும் சின்ன விதைகளைத் தனியாகவும் விதைத்தார். இரண்டிலும் விளைந்த விதைகளின் சராசரி எடை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அந்த விதைகள் பெரிதும் சிறிதுமாக இருந்ததற்குக் காரணம் கிடைத்த சத்தும் வெளிச்சமும். அது அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. ஆனால் வேறு வேறு செடிகளின் வம்சத்துக்குள் வித்தியாசம் நிலையாக இருந்தது. 1909இல் 'ஜீன்' என்ற சொல்லைத் தந்தவரும் இவரே.

அப்படியானால் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது நல்ல செடியை. எப்படி?

• நோய் இல்லாத, நிறையக் காய்த்த, நார் குறைந்த செடியைக் குறித்து வையுங்கள். காயில் கரும்புள்ளி இருந்தால் வேண்டாம். அந்த நோய் விதையோடு வரும்.
• எருக்குழி ஓரத்துச் செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது நல்லா இருப்பதற்கு எருவே காரணமாக இருக்கலாம். நடுப்பாத்தியில் மற்ற செடிகளோடு போட்டி போட்டு ஜெயித்ததைப் பாருங்கள்.
• காய் செடியிலேயே மஞ்சளாகிக் காய வேண்டும். நகத்தால் அழுத்தினால் விதையில் தடம் விழக் கூடாது.
• நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடி போட்ட டப்பாவில் வைக்கலாம். சொத்தையும் சூம்பலும் மட்டும் நீக்குங்கள்.

பீன்ஸ் பூ முழுதாக விரியும் முன்பே தன் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். அதனால் வகை பெரும்பாலும் கலக்காது. வீட்டிலேயே விதை எடுக்க இவ்வளவு வசதியான காய் குறைவு.

5. எச்சரிக்கை

கடை விதையில் ரோஸ் கலர் பூசியிருந்தால் அது மருந்து. தம்பி தங்கைகள் கையில் கொடுக்காதீர்கள். முற்றிய விதையைப் பச்சையாகத் தின்றால் வாந்தி வரும், அதில் நச்சுப் புரதம் உண்டு. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட வேண்டும்.

செய்து பாருங்கள்

கொடி பீன்ஸ் குச்சியில் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது? மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. அதைப் பிரித்து மாற்றிச் சுற்றிவிட்டு மறுநாள் காலையில் நுனி என்ன செய்கிறது என்று பாருங்கள். பார்த்ததை எழுதி இந்தப் பலகையில் ஒட்டுங்கள்.

விதை வேண்டும் என்றால் மதிய இடைவேளையில் என்னிடம் கேளுங்கள். ஆளுக்குப் பத்து விதை தருவேன். விளைந்ததும் இருபதாகத் திருப்பித் தர வேண்டும், அது அடுத்த வகுப்புக்கு!



– 9ஆம் வகுப்பு மாணவி